பீலித் தண்ணீரும் பீட் மண்ணும்



மாசி, பங்குனி பிறந்துவிட்டால் நமது லயங்களில் முதற் பேச்சு தண்ணீர்ப் பேச்சுத்தான். விடியற்காலம் நாலு மணிக்கே பீலியடியில் குடமும் வாளியும் வரிசை கட்டி நிற்கும். மலைக்குப் போகிற அவசரத்தில் வாய்ச்சண்டையும் வந்துவிடும்.

அண்மையில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு நாங்கள் போயிருந்தபோது, பீலியடியில் ஒரு வயதான அம்மா சொன்னார்: "முந்தியெல்லாம் இந்தப் பீலி நின்னதே கெடையாதுங்க. என்ன வெயில் அடிச்சாலும் கைத்தண்டிக்குத் தண்ணி விழும். இப்ப பாருங்க, நூல் மாதிரி வருது. மேல பள்ளத்துல கான் வெட்டி லீக்ஸ் போட்டாங்க. அதுக்கப்புறந்தான் இப்படி."

பக்கத்தில் நின்ற பேரன் விடவில்லை. "அது சும்மா கெடந்த சேத்து நெலந்தானே அம்மாயி! மழை கொறைஞ்சதுக்கு லீக்ஸ் என்னா பண்ணும்?"

இருவரில் யார் சொல்வது சரி? மழை முன்போல் நேரத்துக்குப் பெய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அம்மா சொன்னதில் பெரியதோர் உண்மை இருக்கிறது. அந்தப் பள்ளம் சும்மா கிடந்த சேற்று நிலம் அல்ல. அது என்ன, அதற்கும் பீலிக்கும் என்ன சம்பந்தம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

பீட் என்றால் என்ன?

மலையில் கவ்வாத்து வெட்டினால் இலையும் குச்சியும் செடியடியில் விழுகின்றன. சில மாதத்தில் இலைகள் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், மண்புழுவும், காளானும் செய்கிற வேலை அது. அந்த வேலைக்குக் காற்று வேண்டும்.

தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தில் அப்படி நடக்காது. அங்கே வளர்கிற புல்லும், கோரையும், பாசியும் செத்துத் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. உள்ளே காற்றுப் போகாது. இடம் குளிர் இடமாகவும், தண்ணீர் புளிப்புத் தன்மை உள்ளதாகவும் இருந்தால் நுண்ணுயிர்களின் வேலை இன்னும் மந்தமாகிவிடும். ஆகவே செத்த செடி பாதி மக்கியும் பாதி மக்காமலும் கிடக்கும். அதன்மேல் அடுத்த வருடத்துப் புல் விழும். அதன்மேல் இன்னொரு வருடத்துப் புல். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து, கறுப்பாகவோ கடும் கபிலமாகவோ உண்டாகும் மண்தான் பீட். தமிழில் இதை முற்றா நிலக்கரி என்றும் சொல்வார்கள். பூமிக்குள் அமுங்கி மில்லியன் கணக்கான வருடங்கள் கிடந்தால் நிலக்கரியாக மாறக்கூடிய பொருள் இது. இன்னும் முற்றவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அச்சாறு போட்டு வைத்தால் மிளகாயும் வெங்காயமும் நாட்கணக்கில் கெடாமல் இருக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். 1950ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்ணுக்குள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். முகம் அப்படியே இருந்தது. அண்மையில் நடந்த கொலையாக இருக்கலாம் என்று பொலிசுக்கு அறிவித்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால், அந்த மனிதர் இறந்து 2,000 வருடத்துக்கு மேலாகிவிட்டது! பீட் ஒரு பொருளை எப்படிக் காத்து வைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நமது மலையில் எங்கே இருக்கிறது?

நமக்கு மிகவும் கிட்டிய இடம் ஹோர்ட்டன் சமவெளி. பட்டிப்பொல, ஒஹிய வழியாக உலகமுடிவு பார்க்கப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, பரந்த புல்வெளி. பாதையை விட்டுக் கால் வைத்தால் சில இடங்களில் பொதுக்கென்று உள்ளே போகும். அந்தப் பள்ளங்களில் இருப்பது பீட். சுற்றியுள்ள புல்வெளியிலும் மேல்மண் கன்னங்கரேலென்று இருக்கும்.

அங்கேதான் நமது ஆறுகளின் தலைமாடு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய கங்கைகளுக்கும் அந்தப் பகுதியிலிருந்து தண்ணீர் போகிறது. அக்கரப்பத்தனைக்காரர்களுக்குத் தெரிந்த ஆக்ரா ஓயா அங்கிருந்து வருவதுதான். அது கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு முதல் மேல் கொத்மலைத் திட்டத்தில் மின்சாரம் எடுப்பதும் கொத்மலை ஓயாத் தண்ணீரில்தான்.

ஹோர்ட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகள் சிலவற்றோடு சேர்த்து உலக மரபுரிமை இடமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கும் வெகு முன்பே, 1873ஆம் ஆண்டு, ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். அந்தப் புத்திமதி இல்லாவிட்டால் அந்த உச்சியிலும் கோப்பியும் தேயிலையும் ஏறியிருக்கும்.

நுவரெலியா நகரமும் ஒரு காலத்தில் ஈர நிலந்தான். படகு ஓடுகிற கிரகரி வாவி இருக்கும் இடம் முன்பு சதுப்பு நிலம். 1873ஆம் ஆண்டு ஆளுநர் கிரகரி காலத்தில் ஓடையை மறித்து வாவியாக்கினார்கள்.

இனி நமது தோட்டங்களுக்கு வருவோம். தேயிலைக்குக் காலடியில் தண்ணீர் தேங்கக்கூடாது, வேர் அழுகிவிடும். அதனால் மலைக்கு நடுவே இருக்கும் சதுப்புப் பள்ளங்களைப் பழைய காலத்தில் பெரும்பாலும் நடாமல் விட்டு வைத்தார்கள். அப்படியான எல்லாப் பள்ளமும் பீட் அல்ல. சிலதில் வெறும் களிமண் சேறுதான் இருக்கும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்து பாருங்கள். தேத்தண்ணிச் சாயம் போன்ற கபிலத் தண்ணீர் வடிந்து, கையில் நாரும் வேரும் புல்லின் துண்டுகளும் தங்கினால் பீட். வழவழவென்று விரலிடுக்கில் பிதுங்கி, காய்ந்தால் கல் போலக் கனத்தால் களி. பீட் காய்ந்தால் பஞ்சு போல இலேசாகிவிடும்.

24,000 வருடத்துக் கணக்குப் புத்தகம்

ஹோர்ட்டன் சமவெளியின் பீட்டை ரத்னசிறி பிரேமதிலக்க, ஜான் ரிஸ்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சுமார் 6 மீற்றர் ஆழம் வரை மண்ணைக் குழாய் போல எடுத்து, அடுக்கு அடுக்காகப் பார்த்தார்கள். அடியில் இருந்த மண் ஏறக்குறைய 24,000 வருடம் பழையது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்துப் பூக்களின் மகரந்தத்தூள் அழியாமல் இருந்தது. எந்தக் காலத்தில் மழை கூடியது, எப்போது வரட்சி வந்தது, எப்போது காடு பரவியது, எப்போது புல் பரவியது என்பதையெல்லாம் அதிலிருந்து படித்தார்கள். பிரட்டுக்களத்துச் செக்ரோல் புத்தகம் நமது வேலை நாளைப் பதிந்து வைப்பதைப்போல, அந்த மண் மழையையும் வெயிலையும் பதிந்து வைத்திருக்கிறது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன நமது உறவுகள் பலர் வாழ்கிற நீலகிரியிலும் இதே மாதிரி பீட் பள்ளங்கள் உண்டு. அவற்றிலிருந்து கடந்த 20,000 வருடத்துக் காலநிலையைப் படித்த ஆய்வொன்று 1993ஆம் ஆண்டு வெளியாயிற்று.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 24,000 வருடத்தில் 6 மீற்றர் என்றால், ஒரு வருடத்துக்குச் சராசரி கால் மில்லிமீற்றர். ஒரு அடி மண் சேர ஏறக்குறைய 1,200 வருடம் ஆகிறது. நமது முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தோம் அல்லவா? அந்த 200 வருடத்திலும் அங்கே சேர்ந்திருக்கக்கூடியது சுமார் இரண்டு அங்குலந்தான். ஆனால் ஒரு ஆள் மண்வெட்டியை எடுத்தால் ஒரு அடியை ஒரே காலையில் வெட்டிவிடலாம்.

பீலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஈரமாகக் கிடக்கும் பீட்டை எடுத்து நிறுத்தால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மழைக் காலத்தில் மேலே நிறைந்து, நார்களுக்கிடையே மெதுவாக ஊறி, ஊற்றுக்கண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. மழை விட்டு வாரக்கணக்கானாலும் கசிவு நிற்காது. மாசி, பங்குனியில் பீலியில் விழுவது பல வாரங்களுக்கு முன்பு பெய்த மழை.

இதிலே ஒன்றைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். பீட் பள்ளம் எவ்வளவு மழை வந்தாலும் குடித்துவிடும் என்று நினைக்கக்கூடாது. ஏற்கெனவே நிறைந்திருந்தால் மிச்சத் தண்ணீர் மேலால் ஓடத்தான் செய்யும். ஆனால் புல்லும் பாசியும் மூடிய நிலத்தில் அது தத்தித் தத்தித்தான் ஓடும். வெட்டிய கானில் விழுந்தால் ஒரே ஓட்டமாகக் கீழே போய்விடும்.

ஆகவே சதுப்பின் நடுவே கான் வெட்டினால் என்ன ஆகும்? தேங்கி நின்ற தண்ணீர் வடியும். மண்ணுக்குள் காற்றுப் புகும். அத்தனை காலமாக மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கும். நிலம் சுருங்கிக் கீழே இறங்கும். முதல் இரண்டு மூன்று போகம் மரக்கறி நன்றாக வரும், அதை இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு நிலம் தாழ்ந்து மறுபடி தண்ணீர் கட்டும். "கானை இன்னும் ஆழமா வெட்டு" என்பார்கள். இப்படியே போனால் கடைசியில் அடிக்களிதான் மிஞ்சும். நன்றாகக் காய்ந்துபோன பீட் மீண்டும் இலகுவில் தண்ணீரை இழுக்காது. மழை பெய்தாலும் மேலால் வழிந்தோடிவிடும்.

அந்த அம்மாவின் பீலி நூலாகிப் போனது இப்படித்தான் என்று நினைக்கிறோம். மழை குறைந்த வருடங்களில்தான் அந்தச் சேமிப்பு நமக்கு மிக அவசியம். சம்பளம் குறைந்த மாதத்தில் சீட்டுக் காசையும் எடுத்துச் செலவழித்துவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

உலகம் இதை என்ன செய்கிறது?

காய்ந்த பீட் எரியும். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து போன்ற குளிர் நாடுகளில் செங்கல் போல வெட்டிக் காயவைத்து, நாம் விறகு எரிப்பதைப்போல அடுப்பில் எரித்தார்கள். ஸ்கொட்லாந்தில் சிலவகை விஸ்கிக்கு வரும் புகை வாசம், தானியத்தைப் பீட் புகையில் காயவைப்பதால் வருவது. அயர்லாந்தில் பீட் எரித்து மின்சாரமும் எடுத்தார்கள். ஆனால் அந்த நாட்டின் அரச நிறுவனமான போர்ட் ந மோனா, பீட் வெட்டுவதை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பூச்செடி, நாற்று வளர்க்கவும் உலகம் முழுதும் பீட் விற்பனையாகிறது.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? உலகத்து நிலப்பரப்பில் பீட் நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். ஆனால் அந்த 3 பங்கில் சுமார் 60,000 கோடி தொன் கரி அடங்கியிருக்கிறது. உலகத்துக் காட்டு மரங்கள் அத்தனையிலும் உள்ள கரியைவிட இது அதிகம். வடிய விட்டால் இந்தக் கரி புகையில்லாமலே காற்றோடு கலந்து பூமியைச் சூடாக்குகிறது. மனிதர் செயலால் உண்டாகும் சூடேற்றும் வாயுக்களில் சுமார் 4 வீதம் வடிக்கப்பட்ட பீட் நிலங்களிலிருந்து வருகிறது. பூமி சூடானால் மழை முறை தப்பும். மழை தப்பினால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் நமது நாட்பெயர் குறையும். ஆக, தூர தேசத்துக் கதை நமது அடுப்படிக்கே வந்துவிடுகிறது.

இந்தோனேசியாவில் 1990களின் நடுப்பகுதியில், நெல் விளைவிப்பதற்கென்று சுமார் 10 இலட்சம் ஹெக்டெயர் நிலத்தில் கால்வாய் வெட்டினார்கள். அதில் பெரும்பகுதி பீட். நெல் சரியாக வரவில்லை. காய்ந்த பீட்டில் 1997ஆம் ஆண்டு தீப்பிடித்தது. மேலே அணைத்தாலும் மண்ணுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. புகை மலேசியா, சிங்கப்பூர் வரை போய் மூச்சுத் திணற வைத்தது. 2015ஆம் ஆண்டு மறுபடியும் அதே கதை. நாம் மாசியில் பத்தனைப் புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கத்தையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சதுப்பு காய்ந்திருந்தால் நெருப்பு வேருக்குள் இறங்கிவிடும்.

கொழும்பிலும் உண்டு

நமது பிள்ளைகள் பலர் கட்டுநாயக்காவில் வேலை செய்கிறார்கள். கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகும் அதிவேகப் பாதையில் பஸ்ஸில் போனால், கோரையும் தண்ணீருமாக ஒரு சதுப்பு நிலம் தெரியும். அதுதான் முத்துராஜவெல. அங்கேயும் அடியில் பீட் இருக்கிறது. அதன் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது. பெருமழைக்கு வரும் வெள்ளம் பரந்து தங்குவதற்கு இடம் கொடுப்பது அதுதான். அப்படியிருந்தும் மண் நிரப்புவதும் குப்பை கொட்டுவதும் அங்கே தொடர்ந்து பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது. சதுப்பை நிரப்பினால் வெள்ளம் வீட்டுக்குள் வரும் என்பதைக் கொழும்பு மக்கள் அனுபவத்தில் படித்தார்கள். எஞ்சிய ஈரநிலங்களைக் காப்பதற்காகக் கொழும்பு 2018ஆம் ஆண்டு உலகின் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரமும் பெற்றது.

அப்போ மரக்கறி போடக்கூடாதா?

இப்படித்தான் அந்தப் பேரனும் கேட்டார். "சம்பளத்த வச்சி என்னா பண்றது? நாலு பாத்தி கோவாவும் லீக்ஸும் போட்டாத்தான் புள்ளைங்க ஸ்கூல் செலவு போகும்."

நியாயமான கேள்வி. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர் கண்ணில் படுகிற ஈரப் பள்ளத்தைக் கொத்துவதைக் குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. சதுப்பை வடித்தவர்களில் பெரிய பண்ணைகளும், கட்டடக்காரரும், அதிகாரத்தில் இருந்தவர்களும் உண்டு. பழியைத் தொழிலாளி தலையில் மட்டும் போடுவது முறையல்ல. ஆனால் பீலி நின்றால் குடத்தோடு அலைகிறவர் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே நமக்காக நாமே செய்யக்கூடியவை இவை:

1. பாத்தியை ஊற்றுக்கண்ணுக்கும் சதுப்புக்கும் கீழ்ப் பக்கமாகப் போடுங்கள். மேலே போட்டால் உரமும் பூச்சி மருந்தும் குடிதண்ணீரில் கலக்கும்.

2. சதுப்பின் நடுவே கான் வெட்டாதீர்கள். ஏற்கெனவே வெட்டிய பழைய கான் இருந்தால், அது தேவையா என்று தோட்ட அதிகாரியோடு பேசிப் பாருங்கள். வேண்டாத கானைக் கல்லும் புல்லுக்கரணையும் வைத்து அடைத்தால் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். லயத்துக்கு மேலே இருக்கும் கானை மட்டும் கேட்காமல் தொடவேண்டாம்.

3. கறுப்பு மண்ணை உரப்பையில் அள்ளிப் பூச்சாடிக்கும் பாத்திக்கும் கொண்டுபோவதை விடுங்கள். பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அது புளிப்பு மண், செடிக்கு வேண்டிய சத்து அதில் குறைவு. மாட்டுச் சாணம், மரக்கறிக் கழிவு, காய்ந்த புல், வாடிய இலை சேர்த்துக் கூட்டெரு போட்டால் சில மாதத்தில் அதைவிட நல்ல பசளை கிடைக்கும்.

4. மரக்கறி நாற்றுக்குத் தும்புத்தூள் போதும். தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுத்தபின் மிஞ்சுகிற தூள் அது. பீட்டைப் போலவே ஈரம் பிடிக்கும். பீட்டுக்குப் பதிலாக இதை நமது நாட்டிலிருந்துதான் வெளிநாட்டார் வாங்கிப் போகிறார்கள். உப்புத்தன்மை போக நல்ல தண்ணீரில் அலசிப் பாவியுங்கள்.

5. ஊற்றைச் சுற்றிப் புல்லும் கோரையும் செடியும் அப்படியே இருக்கட்டும். யூகலிப்டஸ் நடவேண்டாம், அது தண்ணீரை அதிகம் இழுக்கும். மாடு மேயவும் தீ வைக்கவும் விடாதீர்கள்.

6. சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் சற்றுக் கபிலமாக இருப்பது மக்கிய புல்லின் சாயம். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனாலும் எந்தப் பீலித் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை

பழைய சதுப்பு வேறு, புதிதாக வரும் ஈரம் வேறு. இதுவரை காய்ந்திருந்த சரிவில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினாலோ, ஓடும் பீலி திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ அது மண்சரிவுக்கு அறிகுறியாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அப்படியான அறிகுறியைக் கண்டால் கூட்டெருவும் வேண்டாம், பாத்தியும் வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் இடத்தை விட்டு விலகுங்கள். பிறகு கிராம சேவகருக்கும் தோட்ட அதிகாரிக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முடிவாக,

நாங்கள் திரும்பும்போது அந்த அம்மா தமது குடத்தை நிரப்பி முடித்திருக்கவில்லை. பேரன் அவர் கையிலிருந்து குடத்தை வாங்கிப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு, மேலே பள்ளத்தைப் பார்த்தபடி கேட்டார்: "இப்ப அந்தக் கான அடைச்சா தண்ணி திரும்ப வருமாங்க?"

ஒரே மாதத்தில் வராது. காய்ந்துபோன பீட் முழுதும் பழைய நிலைக்கு வருவது நமது ஆயுளில் நடக்காது. ஆனால் மிச்சமிருப்பது காயாமல் நிற்கும், ஊற்றுக்கண்ணுக்கு ஈரம் திரும்பும். அதைச் செய்ய ஒரு ஆளால் முடியாது. பாத்தி வைத்திருப்பவர்களும், பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களும், தோட்ட அதிகாரியும், தலைவரும், மாதர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். கீழே வேறு இடத்தில் பாத்திக்கு நிலம் கேட்பதும் அந்தப் பேச்சில் சேரட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிவிஷனில் பீலிக்கு மேலே ஒரு நடை போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஒரு பிடி மண்ணைப் பிழிந்து காட்டுங்கள். பிறகு அந்த மண்ணை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.